அம்மா என்னை ‘நீங்க’ என்றாள்

எங்கள் குப்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. கடல் இரையும், காற்று அடிக்கும்; கட்டுமரத்தில் இருப்பவரிடம் கரையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வரும். சோறு போடச் சொல்வதுகூட வெளியாட்களுக்குச் சண்டை போலக் கேட்கும்.

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு குரலும் உண்டு. மீன் கூடையோடு டவுனுக்குள் போய்ப் பெரிய வீட்டு வாசலில் நிற்கும்போது அவள் குரல் பாதியாகிவிடும். “மீனு வேணுங்களாம்மா?” என்று இழுத்துக் கேட்பாள். சின்ன வயதில் அவளோடு போகும்போதெல்லாம், இது யார் குரல் என்று அவள் முகத்தைப் பார்ப்பேன்.

கன்னியர் பள்ளியில் எனக்குச் சம்பளமில்லாமல் இடம் கிடைத்தது. பிரெஞ்சும் கொஞ்சம் இங்கிலீஷும் படித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு துணி மில்லின் ஆபீசில் டெலிபோன் போர்டுக்குப் பெண் வேண்டும் என்று கேட்டபோது, பள்ளியின் தலைமைக் கன்னியர் என்னை அனுப்பினார்.

ஆபீசை நடத்திய அம்மாளை எல்லாரும் பிரெஞ்சு வழக்கப்படி ‘மதாம்’ என்பார்கள். தமிழ்க்காரர்தான்; புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். என் முதல் ‘அலோ’வைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

“கத்தாதே பெண்ணே. அதுக்குத்தான் கம்பி போட்டிருக்காங்க. குரலை நீ தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம்.”

அன்று முடிவு செய்தேன், இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டே தீருவது என்று. வெட்கத்தால் அல்ல. தையல் மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்வதுபோல இதுவும் ஒரு வேலை; வந்துவிட்டால் யாரும் பிடுங்க முடியாது. விடியற்காலையில் கடற்கரையில் நின்று, காற்றுக்கு எதிராக மெதுவாகப் பேசிப் பழகினேன். ‘வுடு’ என்பதை ‘விடு’ ஆக்கினேன். ‘இன்னா’வை விழுங்கிவிட்டு ‘என்ன’ என்றேன். சித்தி சிரித்தாள். “இன்னாடி, ரேடியோ மாதிரிப் பேசற?” சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதாம் இன்னொரு பாடமும் வைத்திருந்தார். பிரெஞ்சில் போன் வந்தால் நேராக மானேஜருக்குக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் வந்தால் பெரிய கிளார்க்குக்கு. தமிழில் வந்தால் பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“வியாபாரின்னா ‘இருங்க சார்’. மில் ஆளுங்க வீடுன்னா ‘கூப்பிட முடியாது’ன்னு சொல்லி வச்சிடு. ரெண்டு வார்த்தை கேட்டாலே யாருன்னு தெரிஞ்சுடும்.”

தெரியத்தான் செய்தது. எனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஐப்பசி மழைக்காலம். ஒரு நாள் காலை வேலை மும்முரத்தில் போன் அடித்தது. எடுத்து, “வணக்கம், மில் ஆபீஸ்” என்றேன்.

“அலோ! மில்லு ஆபீசுங்களாம்மா?”

அம்மா. டெலிபோனை அவள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் திகைத்துப்போய், பழகிய குரலிலேயே “ஆமாங்க” என்றேன்.

“கோச்சிக்காதீங்கம்மா. அங்க எம் பொண்ணு டெலிபோன்ல வேல செய்யுது. அவசரங்க. நீங்க கொஞ்சம் அத்தக் கூப்புட்டு வுட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்.”

பெரிய வீட்டு வாசலில் பேசும் அந்தக் குரல். என் அம்மா என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பின்னால் மேஜையில் இருந்த மதாமுக்கும் சத்தம் கேட்டுவிட்டது. “மில் ஆளுங்க வீடுதானே? முடியாதுன்னு சொல்லு” என்றார்.

“யம்மோவ், நாந்தாம்மா! இன்னாச்சு?” என்று நான் குப்பத்துக் குரலில் கத்தினேன். ஆபீஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“நீங்க... நீயாடி?”

“நாந்தாம்மா. சொல்லு.”

“அலையில கட்டுமரம் பொரண்டு அப்பா கால் மேல வுழுந்துடுச்சுடி. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டோம். டாக்டருங்க பிரெஞ்சுல பேசிக்கிறாங்க, ஒண்ணும் புரியல. எதுத்தாப்புல மருந்துக் கடையிலேர்ந்து பேசறேன். நீ வா.”

மதாம் எழுந்து பக்கத்தில் வந்திருந்தார். “அப்பாவுக்கு அடிபட்டிருக்கு மதாம், நான் போகணும்” என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தார். “போ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். அம்மா ஈரப் புடவையோடு சுவர் ஓரமாக நின்றாள். “வழியில நிக்காத, அந்தாண்ட போ” என்று வார்டு ஆள் அவளை விரட்டிக்கொண்டிருந்தான். நான் டாக்டரிடம் போய், “போன்ழூர் தொக்தேர்” என்று ஆரம்பித்துப் பிரெஞ்சில் கேட்டேன். எலும்பு முறிந்திருக்கிறது, மாவுக்கட்டு போட்டால் கூடிவிடும், பயப்பட வேண்டாம் என்று அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். நான் திரும்புவதற்குள் அதே வார்டு ஆள் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான்.

அந்த ஸ்டூலில் அம்மாவை உட்கார வைத்தேன். நானும் அவளும் ஒரே வீடு, ஒரே முகம்.

கட்டுப் போட்டு முடிந்து அப்பா தூங்கிய பிறகு அம்மா சொன்னாள்: “போன்ல நீன்னு எனக்குத் தெரியவே இல்ல. யாரோ பெரிய வூட்டுப் பொண்ணுன்னு பயந்துட்டேன்.”

“பயப்பட என்னம்மா இருக்கு?”

“அப்பிடிப் பேசறவங்க முடியாதுன்னுட்டா, அதுக்கு மேல கேக்க முடியாதே.”

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் காலை மதாம் முன்னால் போய் நின்றேன்.

“மில் ஆளுங்க வீட்டிலேர்ந்து போன் வந்தா நான் சேதியை வாங்கி மேஸ்திரிக்கு அனுப்பப் போறேன் மதாம். ஆளைக் கூப்பிட வேண்டாம், சேதி போனாப் போதும்.”

“உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மதாம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதெல்லாம் நான் கேக்க மாட்டேன். தைரியம் இருந்தா மானேஜர்கிட்ட நீயே கேளு.”

கேட்டேன். மானேஜர் பிரெஞ்சுக்காரர். சொல்ல வேண்டியதைப் பிரெஞ்சில் முன்கூட்டியே கோத்து வைத்திருந்தும் நடுவில் ஒரு வாக்கியம் தடுமாறியது. நிறுத்தவில்லை. “ஓயாமல் போன் வந்துகொண்டே இருக்குமே?” என்றார் அவர். “வராது முசியே. கடைக்காரன் கையைக் காலைப் பிடித்து ஒருத்தர் போன் பேச வருகிறார் என்றால், வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்” என்றேன். சாப்பாட்டு நேரத்தில் சேதி சொல்லலாம், ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் உடனே சொல்லலாம் என்று அனுமதித்தார். பாதிதான். அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போன்கள் வந்தன. சாரத்திலிருந்து, உப்பளத்திலிருந்து, சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து. பிரசவ வலி, காய்ச்சல், சாவு. எல்லாரும் “கோச்சிக்காதீங்க” என்றுதான் தொடங்குவார்கள். “சொல்லுங்க, இன்னா சேதி, யாருக்கு?” என்று நான் அவர்கள் பேச்சிலேயே கேட்பேன்; உடனே அவர்கள் குரல் தளர்ந்துவிடும். அடுத்த நிமிஷம் பிரெஞ்சில் ஒரு போன் வரும்; அதற்கு நான் பழகிய அந்த மெதுவான குரல். இரண்டில் எதையும் விட நான் தயாராக இல்லை. அப்பா மாசியில் மறுபடி கடலுக்குப் போனார், லேசாகக் காலை இழுத்துக்கொண்டு. சித்திரையில் எனக்கு வேலை நிரந்தரமானது.

மதாம் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் சேதி மேஸ்திரியிடமிருந்து ஆளுக்குப் போய்ச் சேரவில்லை. சாயங்காலம் அந்தத் தொழிலாளியின் மனைவி போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாம்மா நீ, காலையில சொன்னத இன்னும் சொல்லாம இன்னா பண்ணிகினு இருக்கற?”

சத்தம் மதாம் வரைக்கும் போயிற்று. “பார்த்தியா? உன்னையே திட்டறா. இதுக்கா இவ்வளவு பாடு?” என்றார்.

“திட்டட்டும் மதாம். பயப்படாம கேக்கறாங்க” என்று சொல்லிவிட்டு, மேஸ்திரிக்கு மறுபடி மணி அடித்தேன்.