கவுண்டர் வரிசையில் மட்டும் சித்தி

அரை மார்க் டீச்சர் எனக்குச் சொந்தம் இல்லை. ஆனால் கல்லூரியின் கட்டணக் கவுண்டரில் அவரைச் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும். என்னைப் படிக்க வைக்க அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

விடைக்குப் பின்னால் அலகு எழுதாத பிள்ளைக்கு அரை மார்க் குறைத்தே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர். கணக்குப் பாடத்தோடு பள்ளியின் கால அட்டவணை போடும் வேலையும் ஓய்வுபெறும்வரை அவரிடம்தான் இருந்தது. இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருக்கிறார். பென்ஷனில் பாதி எங்களைப் போன்றவர்களின் படிப்புக்குப் போய்விடும். பணமாகக் கையில் தரமாட்டார். தன் செக்கோடு தானே வந்து வரிசையில் நிற்பார். தானத்தில் படிக்கிற பிள்ளை என்று யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதாம். நாங்களே ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாதபடி ஆளுக்கொரு நாள் பிரித்து வைத்திருந்தார். அதுவும் ஒரு கால அட்டவணைதான்.

கடைசி செமஸ்டரில் அது குழம்பியது. கல்லூரி கடைசித் தேதியைத் திடீரென முன்னால் இழுத்துவிட்டது. அன்று மாலைக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

வரிசையில் எனக்குப் பின்னால் என் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். காதில் எப்போதும் ஹெட்செட், வாயில் எப்போதும் நக்கல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பது அவளுக்குத் தெரியும். யார் தயவில் மிதித்தேன் என்பது தெரியாது. டீச்சர் அடிக்கடி அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்ன என்று கேட்டால், முன்னால் பார்க்கச் சொன்னார்.

கவுண்டரில் புது விதி. புரோக்கர்களைத் தடுப்பதற்காம். செக் யாருடையதோ அவர் மாணவருக்கு என்ன உறவு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியாள் என்றால் மாடியில் முதல்வரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"எழுதுங்கம்மா, ஷட்டரை இறக்கணும்," என்றார் கிளார்க். "சித்தின்னுதானே அந்தப் பொண்ணு கூப்பிட்டுது?"

"கூப்பிடறது வேற. கையெழுத்துப் போடறது வேற."

எழுதித் தொலையுங்களேன் என்று எனக்குள் கத்தினேன். அவர் என் பக்கம் குனிந்தார்.

"பொய் எழுத எனக்குக் கை வராது. உண்மையை நானா சொல்லவும் மாட்டேன். நீ சொல்லு, என்ன எழுதட்டும்?"

எதற்காக வெட்கப்பட்டேன்? அவர் கொடுத்ததற்கா, நான் வாங்கியதற்கா, இத்தனை நாள் மறைத்ததற்கா? இன்றைக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பின்னால் அவள் ஹெட்செட்டைக் கழற்றுவது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

"சொந்தம் இல்ல சார். டீச்சர். என் ஃபீஸை அவங்கதான் கட்டுறாங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. டீச்சர் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். படிவத்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம். நக்கலடிக்க இங்கேயுமா வருகிறாள் என்று திரும்பினேன். அவள் கையிலும் டீச்சர் கையெழுத்திட்ட அதே படிவம்.

"மெதுவா ஓடுடி," என்றாள், மூச்சு வாங்க. "எனக்கும் அவங்கதான் சித்தி."

முதல்வர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். காத்திருக்கச் சொன்ன உதவியாளரைத் தாண்டி அவளே கதவைத் தள்ளினாள். நாங்கள் அனுமதியோடு இறங்கி வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முழுக்க இறங்கவிடாமல் டீச்சரின் கைப்பை கவுண்டர் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. எடுக்கச் சொல்லிச் சொல்லி கிளார்க் அலுத்துப்போயிருந்தார்.

"எத்தனை பேருக்குத்தாம்மா நீங்க சித்தி?"

"அது உங்க படிவத்துல இல்ல. சீல் வைங்க."

வெளியே வந்ததும் டீச்சர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒரே பீரியடில் இரண்டு வகுப்பைப் போட்டுவிட்டேனே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். இனி சித்தி வேஷம் வேண்டாம், டீச்சர் என்றே கூப்பிடுங்கள் என்றார்.

பஸ் நிறுத்தம்வரை நாங்கள் டீச்சர் என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை. பஸ் வந்தது. ஹெட்செட்காரி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படி உயரம். பார்த்து ஏறுங்க, சித்தி."

அரை மார்க் போச்சு என்று நினைத்தேன். டீச்சர் அதைத் திருத்தாமல் ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.