பெடலைத் தொடாமல் பாய்ந்த வண்டி

அன்பானவர்களே, என் பெயர் மெர்லின். கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சரக்கைத் தூக்கி நகர்த்தும் எங்கள் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வண்டி சுமையோடு நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்ந்தது. எதிரே நின்ற சுமை தூக்கும் தொழிலாளி தாபஸைச் சுவரோடு நெருக்கிவிட்டது. அவர் கால் எலும்பு முறிந்தது.

ஓட்டியவர் செல்வின் அண்ணன், தூத்துக்குடிக்காரர். குடித்திருப்பார் என்றார்கள். வேலையை விட்டு நிறுத்தினார்கள். போலீசுக்குப் போகப்போவதாகவும் பேச்சு.

"மெர்லின், எம் புள்ளைங்க மேல சத்தியம். சுமைய பின்னால சாய்ச்சேன், அவ்வளவுதான். பெடல்ல காலே வைக்கல" என்று அழுதார்.

நான் நம்பினேன். ஆனால் வண்டி என்னைக் கைவிட்டது. பேட்டரி சரி. ஃபியூஸ் சரி. பெடல் சென்சாரை மீட்டர் வைத்துப் பார்த்தேன், அதுவும் சரி. திரையில் ஒரு பிழை எண்கூட இல்லை. ஓட்டிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி மாதிரி போனது.

வங்காளி மேனேஜர் வந்தார். அக்கா என்பதை அவர் "தீதி" என்றே சொல்வார். "தீதி, வண்டில குறை இல்லன்னு எழுதிக் குடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

"முடியாது சார். நான் இன்னும் தேடி முடிக்கல."

"உங்க வேலையையும் யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

அவர் போனதும் வண்டியின் மேல் கையை வைத்தேன். என் ஜெபத்தில் பணிவு இருக்கவில்லை. "ஆண்டவரே, அந்த மனுஷன் பொய் சொல்லலன்னு உமக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் பேசாம இருக்கீர்? நீர் காட்டுற வரைக்கும் நான் இந்த வண்டிய விட்டு நகர மாட்டேன்" என்றேன். ஆமாம், சண்டைதான் போட்டேன்.

குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சுமையில்லாத வெறும் வண்டியைத்தானே இத்தனை நேரம் சோதித்தாய்?

உடனே மேனேஜரைக் கூப்பிட்டேன். எல்லோரையும் விலகச் சொல்லி, எதிரே சணல் மூட்டைகளை அடுக்கவைத்தேன். முழுச் சுமையைத் தூக்கினேன். கியரை முன்னுக்குப் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, சுமையைப் பின்பக்கம் சாய்த்தேன்.

வண்டி பாய்ந்தது. அவசர பட்டனை அடித்து நிறுத்துவதற்குள் மூட்டைகளில் மோதியது.

"கால் எங்க இருக்குன்னு பாருங்க சார்!" என்று கத்தினேன். மேனேஜர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

தரைத் தகட்டைக் கழற்றினேன். பெடலுக்குப் போகும் ஒயர்கள் தகட்டின் விளிம்பில் உரசி, தோல் போய்ச் செம்பு தெரிந்தது. சுமையைச் சாய்க்கும்போது எண்ணெய்க் குழாய் அசைந்து அவற்றை நெருக்கியது. இரண்டு ஒயர் தொட்டுக்கொண்டதும், யாரோ பெடலை மிதித்ததாகவே வண்டி எடுத்துக்கொண்டது. அதனால்தான் பிழை எண் வரவில்லை.

செல்வின் அண்ணனைத் திரும்ப அழைத்தார்கள். தாபஸின் சிகிச்சையை நிர்வாகமே ஏற்றது. தற்செயல் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவர் யார் என்று நான் அறிவேன். ஸ்தோத்திரம்.

அதற்குமுன் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெபித்தவள். இப்போது கருவிப்பெட்டியைத் திறக்கும்போதே அவரிடம் பேசுகிறேன். உங்கள்மேலும் யாராவது பொய்ப்பழி சுமத்தியிருந்தால் தலை குனியாதீர்கள். ஆண்டவரிடம் நேருக்கு நேர் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள். அவர் தாங்குவார்.