கனடா போகாத வருஷம்

அணுமின் நிலையத்தில் இன்ஜினீயராக இருந்த என் கணவர் பயிற்சிக்காக இரண்டு வருஷம் கனடா போவதாக இருந்தது. மகளுக்கு அப்போது எட்டு மாதம். அவர் இல்லாதபோது இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன் என்ற பயத்தில், பயணம் நின்றால் திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாக யாருக்கும் சொல்லாமல் வேண்டிக்கொண்டேன்.

அந்த வருஷம், 1974 மே மாதம், ராஜஸ்தான் பாலைவனத்தில் நம் நாடு அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. தாங்கள் கொடுத்த அணு உலை அதற்கு உதவியிருக்கிறதென்று கோபித்துக்கொண்ட கனடா, உதவியை நிறுத்திவிட்டது. பயிற்சியும் ரத்தானது. அடுக்கிவைத்த துணிகளை அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டே வேண்டுதலைச் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அடிப்பாவி! குண்டு வெச்சது டெல்லி, கோச்சிக்கினது கனடா. நடுவுல நீ இன்னா பண்ணே?"

"வேண்டுதலை விட்டுடட்டுமாங்க? உங்களுக்கு வந்த நல்லதைக் கெடுத்துட்டு..."

"பெருமாளுக்குச் சொன்னதைச் செஞ்சிடு. அவரும் கோச்சிக்கினா தாங்காது."

அமாவாசையன்று குழந்தையை அவரே தூக்கி வந்தார். நான் குளத்துப் படியில் தயங்கி நின்றபோது, என் கையிலிருந்த வெல்லத்தை வாங்கித் தண்ணீரில் விட்டார். வீடு திரும்பும்வரை குழந்தையை என்னிடம் கொடுக்கவேயில்லை.