அக்கா தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவர் கையால் ஒரு வாய் காபியாவது குடித்தவர்கள்தான். அதனால் பெரிய அறிமுகம் தேவையில்லை. அழுது எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. "மூக்கச் சிந்திட்டு வந்து பேசுடா" என்பார். சிந்திவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது சோழவந்தானில். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அக்கா மூத்தவர், நான் ஐந்து வயது இளையவன். கல்யாணமாகி ஒத்தக்கடைக்கு வந்தவர், அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தார். மச்சான் மாரடைப்பில் போனபோது அவர்களின் ஒரே மகள் கார்த்திகா எட்டாம் வகுப்பு. அக்கா தனி ஆளாக நின்று அவளைப் படிக்க வைத்து, கே.கே. நகரில் நல்ல குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். அக்கா இருக்கும் ஊரில்தான் இருப்பேன் என்று நானும் இரண்டு தெரு தள்ளி எலக்ட்ரிக்கல் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சர்க்கரை பல வருடமாக அக்காவின் கண்ணை அரித்துக்கொண்டே இருந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறியதை மங்கலாகப் பார்த்தார். அடுத்த ஆண்டு அந்த மங்கலும் போய்விட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்தார். நாலு மாதம் அக்கா ரேடியோவைக்கூடப் போடவில்லை. சுவரைத் தடவியபடி அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்தார். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் கார்த்திகா உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் கார்த்திகாவின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, நல்ல மனசோடுதான் போனில் சொன்னார்: "மதினி, இந்த நெலமையில ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? பிரசவத்த நாங்களே பாத்துக்கிறோம்."

அக்கா சரி என்று சொல்லவில்லை. "ஏழாம் மாசம் வளைகாப்புக்கு இன்னும் நாள் கெடக்குல்ல மதினி, பாப்போம்" என்றார். போனை வைத்த கையோடு என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"டேய், கண்ணு தெரியாதவங்க பொழங்குறதுக்கு என்னென்ன சாமான் இருக்குன்னு விசாரி. எம்மகளுக்கு நாந்தேன் எல்லாம் செய்வேன்."

விசாரி என்றுதான் சொன்னார். நான் விசாரிப்பதோடு நிற்பவனா? முந்திரிக்கொட்டை மாதிரி, எதிரில் இருப்பதைப் பேசியே சொல்லும் கேமரா மூக்குக் கண்ணாடி ஒன்றை விலை பார்க்காமல் வாங்கி வந்து மாட்டிவிட்டேன். அது என்னைப் பார்த்து, "உங்கள் முன்னால் அறுபது வயது ஆண் ஒருவர் நிற்கிறார்" என்றது. எனக்கு அப்போது நாற்பத்தேழு. நாலு மாதத்துக்குப் பிறகு அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே கொடுத்த காசு தகும். ஆனால் சோறு வடிக்கப் போனபோது கண்ணாடியில் ஆவி படிந்தது. நெட் போனதும் வாயை மூடிக்கொண்டது. "கொதிக்கிற பானைய வச்சுக்கிட்டு இது பேசுமா பேசாதான்னு நான் காத்துக் கெடக்கணுமா? கொண்டுபோய்க் குடுத்துரு" என்றார்.

பிறகு நகரத்தில் பார்வையற்றவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். அங்கே சொல்லித்தரும் ஆசிரியைக்கும் பார்வை கிடையாது. அவர் எல்லாச் சாமானையும் மேசையில் பரப்பி வைத்து, "தொட்டுப் பாருங்கம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி பொழங்குங்க. ஒத்து வரலைன்னா திருப்பிக் கொண்டு வந்துருங்க" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

அக்கா கத்தரிக்காய் பொறுக்குவது போலத்தான் பொறுக்கினார். விரல் பட்டதை வாசிக்கும் வசதியைப் போனில் போட்டுக்கொண்டார். டம்ளர் விளிம்பில் மாட்டினால், பால் நிறையும்போது கீச்சென்று கத்தும் சின்னக் கருவி ஒன்று. அடுப்பின் திருகுகளில் ஒட்ட, தடவினால் தட்டுப்படும் ரப்பர்ப் பொட்டுகள். பேசும் தெர்மாமீட்டர். பேசும் கடிகாரம் வேண்டாம், மணியைப் போனே சொல்லிவிடும். சேலையின் நிறம் சொல்லும் கருவியும் வேண்டாம். "தொட்டாலே எந்தச் சேலை, எந்தத் தீவாளிக்கு எடுத்ததுன்னு சொல்லிருவேன்." இரண்டு மாதம் பஸ் ஏறிப் போய் எல்லாவற்றையும் பழகினார்.

கடைசியாக எடுத்தது வெள்ளைக் கோல். இதில்தான் நான் செய்த கோணல் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா அதோடு தெருவில் நடந்தால் ஊர் பரிதாபப்படுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் டேப்புக்கா பஞ்சம்? பிடி நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி வாங்கிப்போய், கோல் முழுக்க பழுப்பு நிற டேப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் அதோடுதான் நடந்தார். மேலூர் ரோட்டில் ஒரு பைக் உரசிக் கீழே தள்ளியது. முழங்கையில் நல்ல சிராய்ப்பு.

"பாத்து வரக் கூடாதாம்மா?" என்று பைக்காரர் கத்தியிருக்கிறார்.

"பார்வையில்லைன்னுதான வெள்ளக் குச்சி வச்சிருக்கேன்."

"எங்கம்மா வெள்ள? பழுப்பால்ல இருக்கு."

அக்கா நேரே என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தால் டேப்பை உரிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் குற்றவாளியாக நின்றேன். "ரோட்டுல போறவனுக்குத் தெரியத்தான்டா இது வெள்ளை. எனக்கா வெள்ளை தெரியப் போகுது?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஏசவில்லை. நானும் உட்கார்ந்து மறுமுனையிலிருந்து உரித்தேன்.

வளைகாப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது சம்பந்தியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா காபி போட்டார். டம்ளர் கீச்சென்றது, ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டு தடவை கையைப் பிடிக்க எழுந்த சம்பந்தியம்மா இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாஞ் சரி மதினி. பச்சப்புள்ளைக்குத் திடீர்னு மேலு சுட்டா என்ன செய்வீக?"

"இந்தா, இதுதேன்" என்று அக்கா தெர்மாமீட்டரை எடுத்தார். "கொஞ்சம் கைய்யத் தூக்குங்க, வச்சுக் காட்டுறேன்."

வைத்தார். அது இங்கிலீஷில் நூற்றியொன்று என்றது. சாமான் கெட்டுப்போச்சு என்றே நான் நினைத்தேன். அக்கா சம்பந்தியம்மாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுக் காய்ச்சல வச்சுக்கிட்டா பஸ் ஏறி வந்தீக?"

"ரெண்டு நாளா லேசா இருந்துச்சு மதினி. வந்து பாத்துட்டுப் போயிரலாம்னு..."

பரீட்சை வைக்க வந்தவரைப் படுக்கையில் கிடத்திவிட்டார் அக்கா. மூன்று நாள் அவரை எழுந்திருக்க விடவில்லை. கஞ்சி வைத்தார், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தார், மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பேச வைத்தார். நாலாம் நாள் கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசலில் நின்று, "வளையல் போட்ட கையோட புள்ளைய ஒத்தக்கடைக்கே கூட்டிட்டு வந்துருங்க மதினி" என்றார். அக்கா சரி என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடந்தது. பேத்தியைக் குளிப்பாட்டியது, சாம்பிராணி போட்டது, மகளுக்குப் பத்தியம் பார்த்தது எல்லாம் அக்காதான். அடிக்கடி வந்து தங்கிய சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் மூன்று வருடம் அந்தப் பேத்தியோடு சந்தோஷமாக வாழ்ந்தார். போன வருடம் இருதயம் தளர்ந்து, ஆஸ்பத்திரியில் இரண்டே நாள் இருந்து, மகள் மடியில் கண் மூடினார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பயிற்சி மைய ஆசிரியைக்கும், அக்கா ஏறும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்த கண்டக்டர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா உங்கள் வீட்டுக்கு வந்தபோது ஓடி வந்து கையைப் பிடிக்காமல், "வாங்க" என்று சொல்லிக் காத்திருந்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. எனக்கு அது தாமதமாகத்தான் வந்தது.

சம்பந்தியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்த வேளையில் அவரே போன் செய்தார். கார்த்திகா மறுபடி உண்டாகியிருக்கிறாள். இரண்டாவது பிரசவத்தை மாமியார் வீட்டில் பார்ப்பதுதான் முறை.

"அண்ணே, அவளுக்கு அங்கதான் வரணும்னு இருக்கு. அனுப்பி வைக்கிறேன். நானும் கூடவே வாரேன்" என்றார். "மதினி செஞ்ச அம்புட்டையும் கூட இருந்து பாத்தவதான நானு. நான் செய்றேன்."

அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையைப் பார்க்க நீங்கள் எல்லோரும் ஒத்தக்கடைக்கு வர வேண்டும்.