காவக்காரன் கதை சொன்ன லூர்து மேரி

ஜெசி வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் புறப்பட்ட தை மாத வெள்ளிக்கிழமை, லூர்து மேரி காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் பந்தலுக்கடியில் திராட்சை வெட்டிக்கொண்டிருந்தார். மகள் வரப்பில் வந்து நின்றாள். "போயிட்டு வா ஆத்தா. குளுருக்குக் காதக் கட்டிக்க" என்றார், கத்தரிக்கோல் நிற்கவில்லை.

வெட்டுகிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. குலையைக் காம்பில்தான் பிடிக்கவேண்டும். பழத்தைத் தொட்டு மேலிருக்கும் வெண்மாவை அழித்தால் புறங்கையில் ஓர் அடி விழும். வேலை நேரத்தில் வாயே திறக்கமாட்டார், ஜெசி பேச்சு வரும்வரை. கம்பம் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டாலும், "எம்மக விஞ்ஞானி, தெரியுமில்ல?" என்பார்.

கொரோனாவின் இரண்டாம் வருடம். வைரஸின் மேலுள்ள சர்க்கரைகளை நோய் எதிர்ப்புச் செல்களின் ஏற்பிகள் அடையாளம் கண்டு பற்றுகின்றன, அந்தப் பிடியே சில சமயம் தொற்றுக்கு உதவிவிடுகிறது என்று ஜெசியின் குழு கண்டறிந்தது. போனில் கேட்டதை லூர்து மேரி பந்தலுக்கடியில் பரப்பினார்.

"இந்த மாவு கணக்கா அந்த வைரசு மேல இனிப்புப் பூசியிருக்குதாம். நம்ம ஒடம்புக் காவக்காரன் அதப் பாத்துக் கப்புன்னு பிடிக்கிறான். பிடிச்சவன் கொல்லாம, வீட்டு வாசல் வரைக்கும் கூட்டியாந்து விட்டுர்றான். எம்மக கூட்டந்தான் கண்டுபிடிச்சிருக்காக!"

அடுத்த வாரம் ஊரில் தடுப்பூசி முகாம். கூட வெட்டுகிற, இழுப்பு நோய்க்காரியான ஜக்கம்மா அசையவில்லை. "காவக்காரனே களவாணிக்குக் கூட்டுன்னு நீதான சொன்ன? அவனுக்கு ஊசியப் போட்டுச் சீராட்டவா?" மற்றவர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

லூர்து மேரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஜக்கம்மாவின் நெஞ்சு இன்னொரு காய்ச்சலைத் தாங்காது. வரப்பிலேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். பாதிக் கதை சொன்னதற்கு மகளிடம் அம்மா வாங்கிய ஏச்சு எல்லோருக்கும் கேட்டது.

"நாஞ் சொன்னது பாதிக் கத, ஜக்கம்மாக்கா. காவக்காரன் வாசல் வரைக்குந்தான் விடுறான். கதவத் தொறக்குறது வைரசோட கை. அந்தக் கையக் கட்டத்தான் இந்த ஊசி."

"அப்ப ஒம்மகளுக்கும் பாதிதான் தெரியுமாக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். லூர்து மேரியின் முகம் சிவந்தது.

"அவளுக்கு முழுசுந் தெரியும். வெளங்காதவ நாந்தான். வா, மொத ஊசி எனக்கு."

ஜக்கம்மா முனகிக்கொண்டே எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள்.

பல மாதங்கள் கழித்து ஜெசியிடமிருந்து ஒரு படம் வந்தது. அச்சில் வெளியான கட்டுரையின் முதல் பக்கம். ஆங்கிலத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அது அங்கே இருந்தது. ஜெசியின் பெயரை ஒட்டி, அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில்.

பழச்சாறு ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, திரை முழுக்க அந்தப் பெயர் மட்டும் நிறையும்வரை லூர்து மேரி அதைப் பெரிதாக்கினார்.