பதினெட்டு லைன் பட்டனும் சில பெரிய மனிதர்களும்

தையலில் தப்பு நடந்தால் பிரித்துத் தைக்கலாம். பட்டன் நுழைகிற காஜாவில் தப்பு நடந்தால் பிரிக்க ஒன்றும் இருக்காது, ஓட்டைதான் இருக்கும். ராயபுரத்தில் காஜா-பட்டன் மிஷின் வைத்திருக்கிறேன். நீங்களும் மிஷின் வைத்திருப்பவர் என்றால், கீழே வருகிறவர்களை எல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

விரல் அளவு

பட்டனுக்கு அளவு லைன் கணக்கு. நாற்பது லைன் ஒரு இஞ்ச். சாதாரண சட்டைக்குப் பதினெட்டு லைன், அதாவது அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. பட்டன் கைக்கு வராமல் நான் காஜா வெட்டுவதில்லை.

ஒரு நாள் ஒருவர் சட்டையை மட்டும் கொண்டுவந்தார். பட்டன் எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, "இம்மாம் இருக்கும்" என்றார். ஸ்கேல் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அந்த "இம்மாம்" இரண்டு மடங்காகிவிட்டது. போய் பட்டனை எடுத்து வாருங்கள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்!

"பட்டனப் பாக்காம ஒரு ஓட்ட போடத் தெர்ல, நீயெல்லாம் இன்னாத்துக்கு மிஷின் வெச்சுகினு கீற?"

மாப்பிள்ளை கோட்டு

சர்ச் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா கோட்டையும், உப்பிய தங்க நிறப் பட்டன்களையும் கொண்டுவந்தார். ஸ்கேலில் வைத்து அகலத்தை அவரே அளந்து சீட்டில் எழுதியிருந்தார்.

"அகலம் மட்டும் போதாதும்மா, பட்டன் தொப்பையையும் சேர்க்கணும்" என்றேன். ஒரு காகிதத் துண்டை பட்டனைச் சுற்றிப் பிடித்து, அந்த நீளத்தைப் பாதியாக மடித்துக் காட்டினேன். அதுதான் காஜாவின் நீளம். சீட்டில் இருந்ததைவிட நன்றாகவே கூடுதல். அந்தம்மா கேட்கவில்லை. "எம்புள்ள கோட்டு, நான் சொல்ற அளவுல வெட்டு" என்று பக்கத்திலேயே நின்றார். வெட்டினேன்.

கல்யாணத்தன்று காலையில் ஒரு பட்டன்கூட நுழையவில்லை. மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் மசியவில்லையாம். மாப்பிள்ளை கோட்டைத் திறந்து போட்டபடியே நின்று மோதிரம் மாற்றியிருக்கிறார். அடுத்த வாரம் அந்தம்மா கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதான் இப்ப ஃபேஷன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுகீறோம். நீ போட்டு ஒடைச்சுடாத."

நாலு நாள்

மணலிப் பக்கம் ஒரு கம்பெனி. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு யூனிஃபார்ம் சட்டை தைத்துத் தருகிற கான்ட்ராக்டர், மாதிரிக்குப் பதினெட்டு லைன் பட்டன் ஒன்றைக் கொடுத்தார். அதற்கேற்றபடி முந்நூறு சட்டைக்குக் காஜா போட்டேன். பட்டனை வேறு இடத்தில் தைத்துக்கொள்கிறேன் என்றார். தைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து என்னை அந்தக் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனார். சட்டை தானாகத் திறந்துகொள்கிறதாம், சில நாளாக அங்கே இதே பஞ்சாயத்தாம். ஸ்டோர் அதிகாரி முன்னால் நிறுத்தி, "இந்தம்மாதான் சார், காஜாவப் பெருசா வெட்டிடுச்சு" என்றார். முந்நூறு சட்டையும் என் தலையில் விழுந்தால் மிஷினை விற்றாலும் கட்டாது.

நல்லவேளை, மாதிரிப் பட்டனை ஆர்டர் சீட்டிலேயே தைத்து வைப்பது என் வழக்கம். அதைப் பிரித்து காஜாவில் போட்டேன், கச்சிதமாக நின்றது. சட்டையில் இருந்ததைப் போட்டேன், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காலர் முனைக்கு வைக்கிற பதினாலு லைன் குட்டிப் பட்டன்! கான்ட்ராக்டர் அசரவில்லை. "வெயில்ல பட்டன் சுருங்கியிருக்கும் சார்" என்றார். அதிகாரியும் அந்தப் பட்டனை வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எல்லாச் சட்டைக்கும் பட்டனை மாற்றித் தரச் சொல்லி அதிகாரி அன்றே உத்தரவு போட்டார். ஆனால் அவரை அசைத்தது என் பட்டன் இல்லை. சாட்சிக்குக் கூப்பிட்டிருந்த ஒரு பெண், மார்பில் வரிசையாக ஊக்கு குத்தியபடி ஓரமாக நின்றவள், சொன்னதுதான்:

"சார், பட்டன் சின்னதா காஜா பெருசான்னு நாலு நாளா பேசிகினு கீறீங்க. நாங்க நாலு நாளா கையத் தூக்காம வேல செஞ்சுகினு கீறோம்."

இத்தனை வருஷத்தில் எல்லா சைஸ் பட்டனுக்கும் காஜா போட்டுவிட்டேன். தன் வாய்க்கு ஒன்று போட்டுப் பட்டனை மாட்டிவிடச் சொல்லி மட்டும் எந்தப் பெரிய மனிதரும் இன்னும் வரவில்லை.