கனகலட்சுமியின் ரத்ததானப் பட்டியல்

தல்லாகுளத்தில் தட்டச்சராக வேலை பார்க்கும் கனகலட்சுமி, பதினோரு வருடமாக ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை நோட்டில் எழுதி வருகிறார். கணவரின் அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் கிடைக்காமல் அலைந்தபோது தொடங்கிய வேலை அது. பட்டியலை இணையதளமாக்கித் தர, கணினி வேலை தெரிந்த சமயநல்லூர் சிவபாண்டி தானாகவே முன்வந்தார்.

அவர் இரண்டு மாதிரிகள் காட்டினார். ஒன்று அவரே நிரல் எழுதி உருவாக்கியது. பார்க்க அம்சமாக இருந்தது. மற்றது, நிரல் தெரியாதவர்களும் மாற்றிக்கொள்ளக்கூடிய வேர்டுபிரஸ் மென்பொருளில் செய்த சாதாரணப் பக்கம்.

கனகலட்சுமி முதலாவதைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, இன்னைக்கு ரத்தம் கொடுத்தவரை மூணு மாசத்துக்குக் கூப்பிடக்கூடாது. பேரை உடனே மறைக்கணும். இதுல யாரு மறைப்பா?”

“எனக்கு ஒரு போனப் போடுங்கக்கா, நான் மறைச்சிர்றேன்.”

“நீங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா?”

சிவபாண்டி இரண்டாவது பக்கத்தைக் கைபேசியில் திறந்து நீட்டினார். கனகலட்சுமி தட்டுத்தடுமாறி ஒரு பெயரை மறைத்தார். மூன்று நிமிடம் பிடித்தது.

“இதே போதும் தம்பி.”

ஒரு மாத உழைப்பு வீணாயிற்றே என்று சிவபாண்டிக்கு வருத்தந்தான். இருந்தாலும் அடுத்த வாரமே தளத்தைத் திறந்து கொடுத்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி கனகலட்சுமி இரண்டு பெயர்களை மறைத்தார்.